கரும்புக்கு வந்த கருமறை

1

மாட்டுப் பொங்கலன்று எனக்கு லீவு கிடையாது. நான் வேலை பார்ப்பதே ஒரு மாட்டுப் பண்ணையில் என்பதை நினைத்தால் இது எனக்கே சிரிப்பாக இருக்கும். அயர்லாந்தின் தெற்கே, ஒரு சின்ன ஊரையும் தாண்டி, மழையும் பனிமூட்டமும் முறை வைத்துக் காவல் காக்கிற ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் பண்ணை. தை மாதத்தில் எட்டு மணிக்கு மேல்தான் இங்கே வானம் மனசு வைத்து வெளுக்கும். கம் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடக்கும்போது, வேலிக்கு அப்பால் உள்ள குன்று பனிக்குள் பாதி மறைந்திருக்கும். அரைத்தூக்கத்தில் பார்த்தால் அது மேகமலை. தேனிப் பக்கம் சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் நின்று பல் துலக்கிக்கொண்டே பார்ப்பேனே, அதே மேகமலை. இன்னும் நாலு எட்டு வைத்தால் திராட்சைப் பந்தல் வந்துவிடும் என்று கால் நம்பும். அப்புறம் சேறு பூட்ஸைப் பிடித்து இழுக்கும். கால் பாவம், ஒவ்வொரு வருஷமும் ஏமாறுகிறது.

நான் கால்நடை மருத்துவர். ஊரில் விசாரித்தால், "மாட்டு டாக்டரம்மா, வெளிநாட்டுல இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இங்கே நான் செய்வது வைத்தியம் இல்லை; பொறுக்குவது. டோனர் என்று இவர்கள் சொல்வதை நான் மனசுக்குள் கொடைமாடு என்று வைத்திருக்கிறேன். கொடுக்கிறாயா என்று மாட்டிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் பொய் இருக்கத்தான் செய்கிறது. நல்ல வம்சம், நல்ல உடற்கட்டு, கோளாறு இல்லாத கர்ப்பப்பை, அடங்கின குணம் எல்லாம் உள்ள மாடாகப் பார்த்துப் பொறுக்குவேன். சில நாள் ஊசி போட்டு, ஒரே சமயத்தில் நிறைய முட்டை விளைய வைத்து, சினை ஊசி போட்டு, ஒரு வாரம் கழித்துக் கர்ப்பப்பையை அலசிக் கருக்களை எடுப்போம். அந்தக் கருக்களை வேறு மாடுகளின் வயிற்றில் வைப்போம். வருஷத்துக்கு ஒரு கன்று ஈனுகிற மாடு இப்படி ஒரு மந்தைக்கே தாயாகிவிடும். ஆனால் ஒன்றையும் அது சுமக்காது.

இறைச்சிக்காக வளர்க்கிற இனம் இது. ஊரில் மாடு வைத்திருக்கிற அண்ணனுக்கு அது தெரியும். மதினி கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை.

இன்னொரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பிறக்கிற கன்றுக்குச் சில நாளிலேயே காதில் தோடு மாதிரி ஒரு வில்லையும், பாஸ்போர்ட் மாதிரி ஓர் அட்டையும் வந்துவிடும். இங்கே தங்குவதற்கான என் அட்டைக்காக நான் எத்தனை தடவை வரிசையில் நின்றேன் என்பதை இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது. ஒருமுறை கவுண்டரில் இருந்த பெண் என் ஊர்ப்பெயரை நாலுவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் வெறும் இந்தியா என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். போட்டுக்கொள் தாயே என்றேன். வம்சச் சான்றிதழில் கன்றுகளுக்கும் இந்தக் கதைதான். தாய் என்ற இடத்தில் முட்டை கொடுத்தவள் இருப்பாள். சுமந்து, ஈன்று, பால் கொடுத்தவளைத் தேடினாலும் கிடைக்காது.

2

போன வருஷம் மார்கழியில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன். அவராகக் கூப்பிட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பதறிக்கொண்டு எடுத்தேன்.

"ஆத்தா, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து ஆளுக வந்தாக. கருமறை வேணும்ங்கிறாக. மாட்டைக் கேக்கல, அவ வயித்துல இருக்க முட்டைய எடுத்து ஜெர்சி மாட்டு வயித்துல வப்பாகளாம். நீ அங்கன செய்யிற வேலைதான இது?"

எனக்குத் தலை கால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அண்ணன் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. நான் படித்த படிப்பும், கடல் தாண்டி வந்து கற்ற வித்தையும் கடைசியில் எங்கள் மந்தைக்கே தேவைப்பட்டுவிட்டது. வந்தவர்கள் தனியார் பண்ணைக்காரர்கள் என்று அப்புறம் விவரமாகச் சொன்னார்.

கருமறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் வைத்திருப்பது மலைமாடுகள். மூக்கணாங்கயிறு கிடையாது, பால் கறப்பதும் கிடையாது. மடியில் உள்ளதெல்லாம் கன்றுக்குத்தான். பகலில் மலையடிவாரத்தில் மேயும், சாயந்திரம் யாராவது ஒருவர் வயலில் கிடை போடுவார்கள். சாணம் லாரி ஏறிக் குமுளி தாண்டி ஏலத் தோட்டத்துக்குப் போகும். அதுதான் வருமானம். இந்த மந்தையில் வெள்ளை உடம்பில் கரிய திட்டுத்திட்டாக இருக்கிறவள் கருமறை. அவள் ஈன்ற காளை ஒன்று வாடிவாசலில் யார் கைக்கும் சிக்காமல் போனதிலிருந்து அவளுக்கு ஊர் தாண்டிப் பெயர். அந்தச் சீற்றம் தாயிடமிருந்து வந்தது என்று கோயமுத்தூர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு காளை போதாது, ஒரு டஜன் வேண்டும் என்கிறார்கள்.

சீற்றம் என்றால் அப்படி ஒரு சீற்றம். மலைமாடு கன்று போட்டால் அண்ணனே கிட்டே போகமாட்டார். ஒரு லீவில் ஊருக்குப் போனபோது, டாக்டர் என்கிற திமிரில் கருமறையின் இளங்கன்றைத் தூக்கிப் பார்க்கப் போனேன். அடுத்த நொடி நான் முள்வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தேன். எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அண்ணன் ஓடி வந்து என்னைத் தூக்கவில்லை. நின்ற இடத்திலேயே வயிறு குலுங்கச் சிரித்தார். முட்ட வருகிறாளா, அப்படியானால் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று மதினியிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அண்ணனுக்கு இதில் ஒரு பெரிய ஆசை இருந்தது. கருமறை இதுவரை போட்டதெல்லாம் காளைக்கன்று. ஒரு கிடேரி கூட இல்லை. அவளுக்கு வயசாகிறது, அவளோடு அந்த வழி முடிந்துவிடும் என்கிற கவலை அவரைப் பிடித்து ஆட்டியது. பிறக்கிற கன்றுகளில் முதல் கிடேரி உனக்குத்தான் என்று வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலே குழைந்துபோனது.

கடைசியாக ஒன்று கேட்டார். "அவளுக்கு நோவுமா?"

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துவிடுவோம், ஒன்றும் தெரியாது என்றேன். நான் சொன்னது உண்மைதான். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அண்ணன் நிம்மதியாகப் போனை வைத்தார்.

3

என் பண்ணையில் அப்போது நாற்பத்தொன்று என்று ஒரு மாடு இருந்தாள். இங்கே மாட்டுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் வீட்டுப் பண்ணைகளில் உண்டு. எங்களைப் போன்ற இடங்களில் காதில் இருக்கிற எண்தான் பெயர். வெண்ணெய் நிறம். அகலமான முதுகு. கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிட்டதால் வழவழவென்று ஒரு நெற்றி. அவளைப் பொறுக்கியவள் நான்தான். சுற்றுக்குச் சுற்று அவள் கொடுக்கிற கருக்களைப் பார்த்து என் முதலாளி டெக்லன் அவளைச் செல்லமாக ராணி என்பார். அவளுக்கு நாடு முழுக்கப் பிள்ளைகள். ஒன்றைக்கூட அவள் முகர்ந்ததில்லை.

போன பொங்கலுக்கு மகள் இனியா வீட்டுக்கு வந்திருந்தாள். டப்ளினில் படிக்கிறாள். வரும்போது இந்தியக் கடையில் ஒரு கரும்பு வாங்கி, அதை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டு ரயிலில் வந்தாள். ரயிலில் ஒரு கிழவர் இது மூங்கிலா என்று கேட்டாராம், இவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். விளக்கிச் சொல்லச் சோம்பல். அடுப்படியில் நின்று கரும்பைக் கத்தியால் சீவிச் சீவி, பழத்துண்டு மாதிரி தட்டில் அடுக்கினாள். பல்லால் உரிக்கச் சொன்னால் பல் போய்விடும் என்கிறாள். இந்தப் பிள்ளைக்கு என் மூக்கு, என் பிடிவாதம், அண்ணனுடைய சிரிப்பு எல்லாம் இருக்கிறது. புல் மட்டும் இந்த ஊர்ப் புல். மந்தை இந்த ஊர் மந்தை. அவளை நான்தான் சுமந்தேன். இருந்தும் சில நாள் அவள் பேசும்போது, சான்றிதழில் மட்டும் இருக்கிற தாய் நான்தானோ என்று ஒரு சஞ்சலம் வரும்.

அன்று தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அம்மா, அந்த ஃபார்ட்டி ஒன் இருக்காளே, அவளோட பேபீஸ் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியுமா?"

சாப்பிடுகிற நேரத்தில் என்ன கேள்வி இது என்று அவள் மேல் விழுந்தேன். ஆராய்ச்சி, இன விருத்தி, விவசாயிக்கு லாபம் என்று வகுப்பு எடுத்தேன். அவள் கரும்பை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓகே. தெரியாதுன்னு சொல்ற" என்று எழுந்து போய்விட்டாள். கோபம் வந்தது.

4

கம்பத்தில் சாமி மாடுகளுக்கென்று ஒரு தொழு உண்டு. நேர்ந்து விட்ட மாடுகள் அங்கே இருக்கும். அந்த மந்தைக்கு ஒரு பட்டத்துக்காளை. பழைய காளை போய்விட்டால் புதியதை மனிதர்கள் பார்த்துப் பொறுக்குவதில்லை. மந்தைக்கு முன்னால் கரும்பைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். எது தானாக முன்னால் வந்து வாய் வைக்கிறதோ அதற்குத்தான் பட்டம். உடம்பு வாட்டசாட்டமாக இருக்கிறதா, திமில் எடுப்பாக இருக்கிறதா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மாடு வர வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இந்தக் கரும்பை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டோம். எந்தக் கன்றைத் தொழுவுக்கு நேர்ந்து விடுவது, மந்தைக்கு எதை முன்மாடாக விடுவது, எல்லாம் கரும்பு சொல்லும். அதனால் அண்ணனும் கோயமுத்தூர்க்காரர்களிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மாட்டுப் பொங்கலன்று கரும்பு போடுவேன், கருமறை வந்து தின்றால் மறுநாள் நீங்கள் வண்டி கொண்டு வரலாம், வராவிட்டால் இல்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த மதியத்தை நான் இங்கே விடியலில் பார்த்தேன். வீடியோவில் மதினி போனைப் பிடித்திருந்தாள். கை ஆடியதால் வானமும் தென்னையும் மாறி மாறி வந்தன. மந்தை முழுக்க நெற்றியில் குங்குமமும் கழுத்தில் ஆவாரம்பூவுமாக நின்றது. அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கரும்பைத் தோகையோடு தரையில் போட்டார். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். என் அடுப்படியில் இனியாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே பனி ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டு, அதுவும் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கருமறை வந்தாள். ஒரு தடவை தலையைத் தூக்கிக் காற்றைப் பார்த்தாள். அப்புறம் நேராக அண்ணனைப் பார்த்து நடந்து வந்து கரும்பில் வாய் வைத்தாள். கரகரவென்று அவள் கடிக்கிற சத்தம் அங்கிருந்து இங்கே கேட்டது. மதினி குலவை போட்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவருக்குக் கிடேரி கிடைத்துவிட்டது. நானும் கை தட்டினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். இனியா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

5

அந்தச் சந்தோஷத்தோடுதான் வேலைக்குக் கிளம்பினேன். இனியா அடுக்கி வைத்த கரும்பில் இரண்டு துண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மாட்டுப் பொங்கலாயிற்றே, ராணிக்கும் கொடுப்போம் என்று ஒரு நினைப்பு. அன்று நாற்பத்தொன்றுக்கு அடுத்த சுற்றின் முதல் ஊசி.

கொட்டகை வாசலில் நின்று கரும்பை நீட்டினேன். அவள் வைக்கோல் மேல் படுத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். மெல்ல எழுந்தாள். வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கரும்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, சுவரை ஒட்டியே நடந்து, மூலையில் இருக்கிற இரும்புக் கூண்டுக்குள் தானாகப் போய் நின்றாள். ஊசி போடும்போதும் அலசும்போதும் மாட்டை நிறுத்துகிற கூண்டு அது. கழுத்தை இரண்டு கம்பிகளுக்கு நடுவே வாகாக நீட்டிக்கொடுத்தாள். வாலைக்கூட ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

நான் இன்னும் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு நான் வந்தால் கூண்டு, அவ்வளவுதான்.

அவளுடைய குணத்துக்கு நான் வருஷா வருஷம் முழு மார்க் போட்டு வந்திருக்கிறேன். அடங்கின மாடு, சொல்பேச்சு கேட்கிற மாடு என்று. அந்தக் கூண்டு வாசலில், கையில் கரும்போடு, எனக்கு அழுகை வந்துவிட்டது. கூண்டின் முன்கதவைத் திறந்துவிட்டேன். போடி, வெளியே போ என்றேன் தமிழில். அவள் போகவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் கழுத்தை நீட்டியபடியே நின்றாள். பொறுத்துப் பார்த்துவிட்டு நான்தான் வெளியே வந்தேன். அன்று ஊசி போடவில்லை.

மத்தியானம் காரில் உட்கார்ந்துகொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்ந்திருந்தது; மாடுகளின் கழுத்துமணி கேட்டது. அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். காலையில் வண்டி வந்துவிடும், கருமறைக்கு வழியில் தின்ன சோளநாத்துக் கட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் நடுவில் புகுந்தேன்.

"அண்ணே, கருமறைய அனுப்ப வேணாம்."

அவர் மெதுவாக, "நோவாதுன்னு சொன்னியே ஆத்தா" என்றார்.

"நோவாதுண்ணே. ஆனா கயிறு போடுவாக, கூண்டுல நிப்பாட்டுவாக, மந்தைய விட்டுப் பிரிச்சு வைப்பாக. கொஞ்ச நாள்ல அவளே போய்க் கூண்டுல நின்னுக்கிருவா. இப்பத்தான் இங்கன பாத்துட்டு வாரேன்."

"அவளாத்தான வந்து கரும்பத் தின்னா. நீயும்தான பாத்த."

"கரும்புக்கு வந்தா. நீ போட்ட கரும்புன்னு நம்பி வந்தா. ஊசிக்கு வரலண்ணே."

பட்டம் கட்டுவதற்குப் போடுகிற கரும்பை நாங்கள் எடுத்துக்கொள்வதற்குப் போட்டுவிட்டோம். அதில் அண்ணனுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு எனக்கும். பட்டத்துக்கு வந்த மாட்டுக்கு மாலை விழும், அது மந்தையிலேயே இருக்கும். இங்கே வந்த மாட்டுக்கு லாரி நிற்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறி, வாயில் வந்தபடி சொல்லி முடித்தேன்.

அண்ணன் கோபக்காரர். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குரல் உடைந்து, சின்னப் பிள்ளை மாதிரி, எனக்குக் கிடேரி வேண்டுமே என்றார். எத்தனை மாடுகளை எத்தனை மாடாக்கியிருக்கிறேன். என் அண்ணனுக்கு ஒரு கிடேரிக்கு வழி சொல்ல என்னால் முடியவில்லை.

வைப்பதற்கு முன்னால் அவர் கேட்டது இதுதான்.

"எனக்கு வேணாம்ங்கிற. சரி. அப்ப ஒன் மாட்ட என்ன செய்யப் போற?"

6

மறுநாள் நடந்ததை மதினிதான் சொன்னாள். வண்டி வந்தபோது வீட்டில் அண்ணனும் இல்லை, மந்தையும் இல்லை. கொடுத்த வாக்கை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பொழுது விடியும் முன்பே மாடுகளை மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வந்தவர்களுக்கு மதினி இலை போட்டு, பொங்கலும் மொச்சைக் குழம்பும் பரிமாறி, அவுக எப்ப இறங்குவாகன்னு தெரியலையே என்று பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாள். அவர்களுக்குப் புரியாமலா இருக்கும். வருஷநாட்டுப் பக்கம், கடமலைக்குண்டில் வேறு ஒருவர் மந்தையில் மாடு பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் என்னோடு சில மாதம் பேசவில்லை. சித்திரையில் பேசினார். கருமறை பிறகு மறுபடியும் ஈன்றாள். அதுவும் காளைக்கன்று. அதை அவர் சொன்னபோது என்னைக் குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நான் டெக்லனிடம் போனேன். நல்ல மனிதர், மாட்டை அடிக்கிறவரைப் பண்ணையில் ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார். நாற்பத்தொன்றை ஒரு தடவையாவது சொந்தமாகச் சுமக்க விட வேண்டும் என்றேன். கர்ப்பப்பைக்கு ஓய்வு தேவையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கர்ப்பப்பை நன்றாகத்தான் இருக்கிறது, அவள்தான் நன்றாக இல்லை என்றேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. அவர் கரு வாங்கக் காத்திருக்கிறவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஒரே ஒரு ஈற்று, அதற்குப் பிறகு பழையபடி என்றார். அந்த ஒரே ஒரு ஈற்றைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வசந்தத்தில் அவள் சினையானாள்.

அதன் பிறகு வந்த மாதங்களில் எனக்கு ஒரே கனவு அடிக்கடி வரும். பனிக்குள் இரண்டு மாடுகள் நிற்கும், ஒன்று வெண்ணெய் நிறம், இன்னொன்று கரும்புள்ளி. எது எந்த ஊரில் நிற்கிறது என்று தெரியாது. இரண்டின் காலடியிலும் ஒரு கரும்பு கிடக்கும். யார் போட்டது என்றும் தெரியாது. நான் போடவில்லை, நான் போடவில்லை என்று சொல்லிக்கொண்டே விழித்துக்கொள்வேன்.

இந்த வருஷமும் இனியா பொங்கலுக்கு வந்திருக்கிறாள், கரும்போடு. இன்று என்னோடு பண்ணைக்கும் வந்தாள். நாற்பத்தொன்று விடியலில் கன்று போட்டுவிட்டதாக டெக்லன் வாசலிலேயே சொன்னார். யார் உதவியும் வேண்டியிருக்கவில்லையாம். எனக்கு நடக்கவே பயமாக இருந்தது. அவளுக்கு நக்கத் தெரியுமா? இது என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் எழுந்து கூண்டுக்குப் போய் நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்?

கொட்டகைக்குள் போனேன். வைக்கோலில் ஈரமாக ஒரு கன்று கிடந்தது. பக்கத்தில் அவள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கூண்டு இருக்கிற மூலையையும் பார்த்தாள். நான் ஓர் எட்டு வைத்தேன். கன்று மெலிதாக ஒரு சத்தம் போட்டது.

அவ்வளவுதான் தெரியும். அடுத்து எனக்கு நினைவிருப்பது அந்த வழவழ நெற்றி என் இடுப்பை நோக்கி வந்ததும், இனியா அம்மா என்று அலறியதும்தான். இந்த வயதில், இந்த உடம்போடு, இரும்பு கேட்டை எப்படித் தாண்டினேன் என்று கேட்காதீர்கள். முதுகு முழுக்கச் சேறு, முழங்காலில் ரத்தம். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் கால் மாற்றி மாற்றி நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. இனியா என் தலையில் அடிபட்டுவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

டெக்லன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். இங்கே கொடைமாட்டுக்கு முதல் தகுதி சாந்தம். ஆளை முட்ட வருகிற மாட்டின் கருவை எவரும் வாங்கமாட்டார்கள். அங்கே இதே சீற்றத்துக்காக ஒருத்தியைத் தேடி லாரி வந்தது. குணத்துக்கு மார்க் போட வேண்டியது என் வேலை. டெக்லன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருப்பதிலேயே அடிமட்ட மார்க்கைப் போட்டேன். ஒரு பொய்யும் இல்லை. அவர் பெருமூச்சு விட்டார், நல்ல ராணி போய்விட்டாள் என்றார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். மேட்டு வயலில் கன்றோடு மேய்கிற சாதாரண மாடுகளோடு அவளைச் சேர்த்துவிடச் சொன்னார்.

முழங்காலைக்கூடக் கழுவாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். மாட்டுப் பொங்கல் நாள், அவர் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, என் மாடு என்னைய முட்டிருச்சு."

மெல்லுவது நின்றது. "எந்த மாடு? அந்தக் கூண்டுக்காரியா?"

"அவதான். கன்னு போட்டுருக்கா."

அண்ணன் போனை வாயிலிருந்து எடுக்காமலேயே மதினியைக் கூப்பிட்டு, தங்கச்சியை மாடு முட்டிவிட்டதாம் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வீட்டில் கல்யாணம் நிச்சயமான மாதிரி இருந்தது அந்தக் குரல். அப்புறம் என்னிடம் வந்து, கன்று என்ன கன்று என்று கேட்டார். அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. எட்டிப் பார்த்த இனியாதான் சொன்னாள்.

"கிடேரி, மாமா."

அந்தச் சொல் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்லாருக்கட்டும் என்றார்.

இனியா கோட்டுப் பையிலிருந்து ஒரு கரும்புத் துண்டை எடுத்து கேட்டுக்கு மேலாக வைக்கோலில் போட்டாள். நாங்கள் ஒதுங்கி நின்று பார்த்தோம். நாற்பத்தொன்று வரவில்லை. அவள் கன்றை நக்கிக்கொண்டிருந்தாள்.